கிராமர் பள்ளி இடம் தராதபோது: அந்த மூன்று புள்ளி எதற்குக் குறைந்தது?

அன்புள்ள தங்கச்சிக்கு,

மகனுக்குக் கிராமர் பள்ளியில் (பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரச பள்ளி) இடமில்லை என்ற மின்னஞ்சலை மார்ச் 1ஆம் திகதி திறந்ததிலிருந்து வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மகன் அறையை விட்டு வெளியே வருகிறானில்லை, உங்களுக்கும் அவருக்கும் இடையில் யார் கவனிக்காமல் விட்டது என்ற பேச்சு வேறு. கடைசியில், "மூன்று புள்ளியால் போய்விட்டது அக்கா, மேன்முறையீடு செய்தால் கிடைக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

கிடைக்கும், கிடைக்காது என்று சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்க வேண்டும். அந்த மூன்று புள்ளி எதற்குக் குறைந்தது?

நாங்கள் இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பார்த்து வளர்ந்தவர்கள். வெட்டுப்புள்ளி என்று ஒன்று இருக்கும், அதற்கு மேலே என்றால் மகிழ்ச்சி, கீழே என்றால் அழுகை. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். இங்கிலாந்தில் கிராமர் பள்ளிக்கான இலெவன் பிளஸ் நுழைவுப் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு இரண்டு கோடுகள் இருக்கலாம். ஒன்று தகுதிப் புள்ளி. அதை எட்டினால், கிராமர் பள்ளியில் படிக்கும் தரம் இந்தப் பிள்ளைக்கு இருக்கிறது என்று பொருள். மற்றது, இந்த வருடம் கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் புள்ளி. இது வருடத்துக்கு வருடம் மாறும். லண்டனில் சட்டன், கிங்ஸ்டன் பக்கத்துப் பள்ளிகளில் தகுதி பெற்றும் இடம் கிடைக்காத பிள்ளைகள் நிறைய. பக்கிங்ஹாம்ஷயரில் 121 எடுத்தால் தகுதி. அதற்குப் பிறகு பெரும்பாலும் நீங்கள் எந்தப் பள்ளியின் எல்லைக்குள், எவ்வளவு தூரத்தில் குடியிருக்கிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள்.

ஒக்டோபரில் பரீட்சைப் பெறுபேறு வந்த கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அதில் மகன் தகுதி பெற்றான் என்று இருக்கிறதா, இல்லையா? உங்கள் மேன்முறையீட்டின் பாதை அதிலிருந்துதான் பிரிகிறது. இதைப் பார்க்காமல் எழுதிய கடிதங்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன. தகுதி பெற்ற பிள்ளையின் தாய், பிள்ளை கெட்டிக்காரன் என்று நான்கு பக்கம் எழுதியிருப்பார். அதைத்தான் பரீட்சையே சொல்லிவிட்டதே. தகுதி பெறாத பிள்ளையின் தகப்பன், பள்ளியில் இன்னொரு கதிரை போட இடம் இருக்கிறது என்று வாதாடியிருப்பார். கதிரை இருந்தாலும், தரத்துக்கு ஆதாரம் இல்லாமல் மேன்முறையீட்டை விசாரிக்கும் குழுவால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, முதலில் மகன் தகுதிப் புள்ளியையே எட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். கடினமான வழி இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2022ஆம் ஆண்டின் பள்ளிச் சேர்க்கை மேன்முறையீட்டு விதிக்கோவை இதைத் தெளிவாகச் சொல்கிறது. பிள்ளை தேவையான கல்வித் தரத்தில் இருக்கிறான் என்பதற்கு ஆதாரம் இருந்தால் மட்டுமே குழு உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லலாம். எந்த மாதிரி ஆதாரம் என்பதற்கு உதாரணமும் அதிலேயே இருக்கிறது: ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பெறுபேறுகள் உள்ள பள்ளி அறிக்கை, அல்லது இந்தப் பிள்ளை ஏன் கிராமர் தரத்துப் பிள்ளை என்று காரணத்தோடு சொல்லும் பள்ளிக் கடிதம். குழு தன் பாட்டுக்கு ஒரு பரீட்சை வைக்கவோ, மகனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டுத் தரம் பார்க்கவோ விதி இடம் தராது. முன்னால் இருக்கும் காகிதத்தையும் உங்கள் பேச்சையும் வைத்துத்தான் முடிவு.

ஆகவே இந்த வாரம் முதல் வேலையாக ஆரம்பப் பள்ளிக்குப் போங்கள். வகுப்பாசிரியரிடமோ அதிபரிடமோ, "ஒரு நல்ல கடிதம் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், "பண்பான பிள்ளை, எல்லோரோடும் சேர்ந்து விளையாடுவான்" என்று ஒரு கடிதம் வரும். அது உதவாது. கணிதத்திலும் வாசிப்பிலும் அவன் இப்போது எந்த மட்டத்தில் நிற்கிறான், மே மாதம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் சாட்ஸ் என்ற தேசியப் பரீட்சையில் என்ன எதிர்பார்க்கிறார்கள், வகுப்பில் எத்தனையாவது இடத்தை ஒட்டி இருக்கிறான், பள்ளி கேட் போன்ற திறன் பரீட்சை ஏதும் வைத்திருந்தால் அதில் என்ன எண் என்று கேளுங்கள். சாட்ஸ் புள்ளிகள் 80 முதல் 120 வரை போகும், 100 என்பது எதிர்பார்க்கப்படும் மட்டம், 110 அல்லது அதற்கு மேல் என்றால் உயர் மட்டம். உண்மைப் பெறுபேறு ஜூலையில்தான் வரும், அதற்கு முன்பே உங்கள் விசாரணை முடிந்துவிடக்கூடும். அதனால் பள்ளி இப்போதே எழுதித் தரும் எதிர்பார்ப்புக்கு மதிப்பு அதிகம்.

சில பள்ளிகள், நாங்கள் ஆதரவுக் கடிதம் கொடுப்பதில்லை என்று கொள்கையாகவே வைத்திருக்கின்றன. கோபிக்க வேண்டாம். கருத்துச் சொல்ல வேண்டாம், எண்களை மட்டும் தாருங்கள் என்று கேளுங்கள். பழைய அறிக்கைகள் உங்கள் வீட்டிலேயே இருக்கும், அவற்றையும் தேடி எடுங்கள்.

ரியூசன் ஆசிரியரின் கடிதத்தை இணைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இணைக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். நீங்கள் சம்பளம் கொடுக்கும் ஒருவர் எழுதுவது என்று குழுவுக்குத் தெரியும். இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். இரண்டு வருடமாக சனி, ஞாயிறு பாராமல் ரியூசனுக்கு அனுப்பினோம், இவ்வளவு காசு செலவழித்தோம் என்பதைக் கடிதத்தில் எழுதவே வேண்டாம். உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. அதைக் கேட்கும் குழுவுக்கு வேறு மாதிரிப் படும்: இவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் இந்தப் புள்ளிதானா என்று தோன்றும். உங்கள் தியாகமே பிள்ளைக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

பரீட்சை அன்று காய்ச்சல் என்றீர்கள். யாரிடமாவது அப்போதே சொன்னீர்களா? ஜி.பி.யிடம் (குடும்ப வைத்தியரிடம்) போன பதிவு இருக்கிறதா? பரீட்சை மண்டபத்தில் இருந்தவர்கள் ஏதும் குறித்துக்கொண்டார்களா? செப்டெம்பரில் யாருக்கும் சொல்லாத காய்ச்சலை மார்ச்சில் சொன்னால் நம்ப வைப்பது கஷ்டம். பதிவு இருந்தால் கட்டாயம் இணையுங்கள். ஆனால் காய்ச்சல், புள்ளி ஏன் குறைந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். காய்ச்சல் இல்லாவிட்டால் அவன் தேறியிருப்பான் என்பதைப் பள்ளியின் எண்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து இருந்தால் வழக்குக்குப் பலம், காய்ச்சல் மட்டும் என்றால் அனுதாபம் கிடைக்கும், இடம் கிடைக்காது.

பக்கிங்ஹாம்ஷயர் போல, தகுதி பெறாத பிள்ளையின் தரத்தை மேன்முறையீட்டுக்கு முன்பே மறுபடி பார்க்கும் மீளாய்வு நடைமுறை உள்ள இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இலையுதிர் காலத்தில் மீளாய்வுக்குப் போட்டு அங்கேயும் மறுத்திருந்தால், மேன்முறையீட்டுக் குழு முதலில் பார்ப்பது அந்த மீளாய்வு நியாயமாகவும், எல்லோருக்கும் ஒரே மாதிரியாகவும், பக்கச்சார்பு இல்லாமலும் நடந்ததா என்பதைத்தான். அப்படி நடந்தது என்று கண்டால் அந்த இடத்திலேயே கதை முடிந்துவிடும், மகனின் தரத்தைப் பற்றிப் பேச வாய்ப்பே வராது. எனவே அந்த மீளாய்வுக்குப் போன காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, எதைப் பார்க்காமல் விட்டார்கள் என்று தேட வேண்டும்.

இனி, மகன் தகுதி பெற்றும் இடம் நிரம்பியதால் மறுத்தார்கள் என்றால், பாதை வேறு. அங்கே முதற்கட்டத்தில், சேர்க்கை விதிகள் சட்டப்படி இருக்கின்றனவா, அவற்றைச் சரியாக நடைமுறைப்படுத்தினார்களா என்று பார்ப்பார்கள். தூரத்தைப் பிழையாக அளந்திருந்தால், பியூப்பில் பிரீமியம் (வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்குக் கிடைக்கும் அரச உதவி) பெறும் பிள்ளைக்கான முன்னுரிமையைக் கவனிக்காமல் விட்டிருந்தால், அந்தப் பிழையால்தான் இடம் போனது என்றால், குழு இடம் கொடுத்தே ஆக வேண்டும். பிழை இல்லை என்றால், இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் மற்றப் பிள்ளைகளின் படிப்புக்குப் பாதிப்பு என்பதைப் பள்ளி நிரூபிக்க வேண்டும். இத்தனை பிள்ளைகளைச் சேர்ப்போம் என்று அறிவித்த எண்ணிக்கை எவ்வளவு, போன வருடங்களில் அதைத் தாண்டிச் சேர்த்தீர்களா, அப்போது என்ன பாதிப்பு வந்தது, விஞ்ஞான ஆய்வுகூடத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் போதும்.

பள்ளி அதை நிரூபித்துவிட்டால், அடுத்தது தராசு. ஒரு தட்டில் பள்ளிக்கு வரும் பாதிப்பு, மறுதட்டில் உங்கள் பிள்ளைக்கு இந்தப் பள்ளிதான் வேண்டும் என்பதற்கான காரணங்கள். இங்கேதான் மகனின் வயலினும், சதுரங்கமும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் பயன்படும், அதுவும் அந்தப் பள்ளியில் நடக்கும் ஒன்றோடு பொருந்தினால். நல்ல பள்ளி, பெயரான பள்ளி என்று எல்லாப் பெற்றோரும் சொல்வார்கள். இந்தப் பிள்ளைக்கு மட்டும் பொருந்துகிற காரணம் என்ன என்று யோசியுங்கள். உடல்நலம், போக்குவரத்து, குடும்ப நிலைமை ஏதும் இருந்தால் அதற்கும் காகிதம் வேண்டும். கிடைத்த பள்ளியைக் குறை சொல்லி ஒரு வரியும் வேண்டாம். அது உங்கள் வாதத்துக்கு ஒரு பலமும் தராது, செப்டெம்பரில் மகன் அங்கேதான் போகவும் கூடும்.

நாள் கணக்கு. மறுப்பு அறிவித்த நாளிலிருந்து குறைந்தது 20 பள்ளி நாட்கள் உங்களுக்குத் தர வேண்டும். ஈஸ்டர் விடுமுறை அதில் சேராது. சரியான கடைசித் திகதி அந்தப் பள்ளியின் இணையதளத்திலேயே இருக்கும், பெப்ரவரி 28க்குள் அதைப் போட வேண்டும் என்பது விதி. கடைசித் திகதியிலிருந்து 40 பள்ளி நாட்களுக்குள் விசாரணை நடக்கும், 10 பள்ளி நாட்களுக்கு முன் அறிவிப்பார்கள். கட்டணம் எதுவும் இல்லை. ஒரு பள்ளிக்கு ஒரு கல்வியாண்டில் ஒரு தடவைதான், அதனால் அவசரத்தில் அழுகையோடு எழுதி அனுப்ப வேண்டாம். படிவத்தை நேரத்துக்குக் கொடுத்துவிட்டு, ஆதாரங்களை அவர்கள் சொல்லும் திகதிக்குள் பிறகு அனுப்பலாம்.

அப்புறம், கிடைத்த பள்ளியின் இடத்தை இன்றே ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றால் மேன்முறையீடு பலவீனமாகும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது உண்மை இல்லை. அதை வேண்டாம் என்றால் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்க நேரலாம். மகன் தகுதி பெற்றிருந்தால் கிராமர் பள்ளியின் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் உறுதி செய்யுங்கள். அந்தப் பட்டியலை டிசெம்பர் 31 வரையாவது வைத்திருக்க வேண்டும். முந்திப் பதிந்தவருக்கு முதலிடம் என்ற கணக்கு அங்கே இல்லை, சேர்க்கை விதிப்படியே வரிசை. புதுப் பிள்ளை வந்தால் உங்கள் இடம் கீழேயும் இறங்கலாம்.

விசாரணை நாளை நினைத்து நித்திரை வரவில்லை, என் ஆங்கிலம் போதாது என்று எழுதியிருந்தீர்கள். அங்கே இருப்பவர்கள் மூன்று பேராவது இருப்பார்கள். கல்வித்துறை அனுபவம் உள்ளவர்களும் சாதாரணப் பொதுமக்களும் கலந்த குழு, அந்தப் பள்ளியோடு தொடர்பு இல்லாதவர்கள். பக்கத்தில் குறிப்பெடுக்கும் கிளார்க், பள்ளியின் சார்பில் பேச ஒருவர். முதலில் பள்ளி பேசும், நீங்கள் கேள்வி கேட்கலாம், பிறகு உங்கள் முறை. காணொளியிலும் நடக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கிளார்க்குக்கு முன்கூட்டியே எழுதுங்கள், தெரிந்த ஒருவரைத் துணைக்கும் கூட்டிப் போகலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மகனைக் கொண்டு மொழிபெயர்க்க வைக்க வேண்டாம், தன்னைப் பற்றி மற்றவர்கள் எடைபோடுவதை அவனே தமிழில் உங்களுக்குச் சொல்லும் நிலை அவனுக்கு வரக் கூடாது. ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரி எழுதி வைத்துக்கொண்டு பார்த்து வாசித்தாலும் ஒருவரும் பிழையாக நினைக்க மாட்டார்கள். கண் கலங்கினால் நிறுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள், காத்திருப்பார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான மேன்முறையீடுகள் தோற்கின்றன. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, வென்றே தீரும் என்று சொல்லிக் காசு கேட்பவர்களிடம் நீங்கள் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். குழுவின் முடிவு பள்ளியைக் கட்டுப்படுத்தும், உங்களையும்தான். நடைமுறையில் பிழை இருந்தால் மட்டும் அதற்கு மேலே முறையிடலாம், முடிவு பிடிக்கவில்லை என்று முடியாது. இங்கிலாந்து முழுவதுமே 163 கிராமர் பள்ளிகள்தான். 1998ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக ஒன்று தொடங்குவதைத் தடுத்தது. நீங்கள் இன்று மேன்முறையீடு செய்யும் உரிமையும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. மற்றப் பள்ளிகளில் படித்து மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போன நம் பிள்ளைகளை எனக்குத் தெரியும். கிராமர் பள்ளியே வேண்டும் என்றால், 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.ஈ. பொதுப் பரீட்சையின் பெறுபேற்றோடு உயர்தரத்துக்கு வெளிப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. அப்போது அவனே விரும்பிப் போகலாம்.

மகனுக்கு இன்று இரவு ஒன்றைச் சொல்லுங்கள். இனி நடக்கப்போவது அம்மா, அப்பாவின் வேலை, இது வென்றாலும் தோற்றாலும் உன் கணக்கில் எழுத மாட்டோம் என்று சொல்லுங்கள். அவன் கதவுக்குப் பின்னால் இருந்து உங்கள் இருவரின் வாக்குவாதத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். கிடைத்த பள்ளி புதுப் பிள்ளைகளுக்கு ஒரு மாலை வைத்திருக்கும், திகதியைக் கேட்டு மூன்று பேருமாகப் போய்வாருங்கள்.

ஒக்டோபர் கடிதத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு, எந்தப் பாதை என்று பேசுவோம்.

அன்புடன்,
அக்கா