பானை செய்கிற தெருவுக்கு யாரை அழைத்துப்போவது?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழாம் வகுப்பில் "என்ன ஆகப் போகிறீர்கள்?" என்று கேட்டால் டாக்டர், போலீஸ், கலெக்டர், டீச்சர் என்ற நாலு சொல்லோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. நம் ஊரைச் சுற்றியே எத்தனை வேலை நடக்கிறது, அதைக் காட்டலாமே என்று நினைத்து, முதலில் காருக்குறிச்சியில் மண்பாண்டம் செய்யும் தெருவுக்குப் போகத் திட்டமிட்டேன். அந்தத் தெருவிலிருந்து வரும் மாணவி ஒருத்தியின் அப்பா நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். "எங்க தாத்தா செஞ்சாரு, எங்க அப்பா செஞ்சாரு, நான் செய்யுதேன். எம் புள்ளைக்கும் அதையே காட்டத்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதேனா டீச்சர்?" என்றார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. திட்டத்தை விட்டுவிடவா, அவரைச் சமாதானப்படுத்தவா?

– ஆசிரியை ஒருவர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள டீச்சர், அவரைச் சமாதானப்படுத்த வேண்டாம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. திட்டத்தையும் விட வேண்டாம். அதில் ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் போதும்: எந்தப் பிள்ளையும் தன் வீட்டுத் தொழிலைப் பார்க்கப் போகக் கூடாது.

அந்த அப்பாவின் கோபம் இன்று நேற்று வந்ததில்லை. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாடே அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தது. அடுத்த ஆண்டு காமராசர் வந்ததும் அதை எடுத்துவிட்டார். அந்தப் பெயர் உங்கள் மாணவியின் அப்பாவுக்குத் தெரியுமோ தெரியாதோ, பயம் அதே பயம்தான். பானை செய்கிறவர் பிள்ளையிடம் பானையைக் காட்டி "எவ்வளவு அருமையான கலை பார்" என்று நாம் சொன்னால், அந்த வீட்டில் அது "நீ இங்கேயே இரு" என்றுதான் கேட்கும்.

ஆகவே அந்தப் பெண் அன்றைக்கு வேறு எங்காவது போகட்டும். காருக்குறிச்சித் தெருவுக்கு வயல் வைத்திருப்பவர் வீட்டுப் பையனும் கடைக்காரர் வீட்டுப் பெண்ணும் போகட்டும். அங்கே தரையில் உட்காரட்டும், கொடுக்கிற தண்ணீரைக் குடிக்கட்டும். கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தை வைத்தே யார் எந்தத் தெரு என்று பிள்ளைகள் சொல்லிவிடுகிற மாவட்டம் நம்முடையது. 'வேலை அறிதல்' என்ற பெயரில் அடுத்த தெருவுக்குள் கால் வைக்க ஒரு காரணம் கிடைக்கிறதே, அதை விடாதீர்கள். உங்கள் திட்டத்தின் பாதி மதிப்பு இதில்தான் இருக்கிறது என்பேன்.

அப்புறம், அங்கே போய் என்ன பார்ப்பது? இதில் நானே சறுக்கியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாற்பது பிள்ளைகளை ஒரு அரிசி ஆலைக்கு அழைத்துப்போனேன். முதலாளி முக்கால் மணி நேரம் ஒழுக்கம், உழைப்பு என்று பேசினார். பிள்ளைகள் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் கொதிகலன் பக்கத்தில் நின்று, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்ப்பதும் வால்வைத் திருகுவதுமாக இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவரை ஒரு வார்த்தை பேச வைக்கவில்லை. கொதிகலன் இயக்க அரசுத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது எனக்கே பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று ஒரு பையன் அதைக் கேட்டிருந்தால்!

அதனால் முதலாளியிடம் வணக்கம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, கையால் வேலை செய்பவரிடம் போய்விடுங்கள். ஒரு குழுவுக்கு ஐந்து பேர், இருபது நிமிஷம், மூன்று கேள்வி. இருபத்தைந்து கேள்வி அச்சடித்த தாளெல்லாம் வேண்டாம். பிள்ளைகள் தாளைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்? எந்த இடத்தில் கை தவறினால் எல்லாம் வீணாகும்? உங்கள் பிள்ளை இந்த வேலைக்கு வரட்டும் என்று நினைக்கிறீர்களா, ஏன்?

நடுக் கேள்விதான் முக்கியம். ஈரம் சரியாகக் காயாத பானையைச் சூளையில் வைத்தால் வெடித்துவிடும் என்று பானை செய்கிறவர் சொல்லும்போது அது அறிவியல் பாடம். பத்தமடையில் கோரையை மெல்லிசாகக் கீறி, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு பாய் நெய்கிறார்களே, ஏன் ஊறப்போட வேண்டும் என்று கேட்டால் அதுவும் பாடம். மூன்றாவது கேள்விக்குப் பலர் "வேண்டாம்" என்பார்கள். சொல்லட்டும். பிள்ளைகள் அதையும் கேட்க வேண்டும். முக்கூடல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆயிரம் பீடி சுற்றினால் என்ன கூலி என்று நமக்கு முன்னாலேயே தெரியும். அவர்களிடம் எல்லாத் தொழிலும் பொன்னான தொழில் என்று கதை விட முடியாது. (பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத் துறை கல்வி உதவித்தொகை தருகிறது. உங்கள் வகுப்பில் யாராவது இருந்தால் விண்ணப்பித்துவிட்டார்களா என்று ஒரு தடவை விசாரியுங்கள்.)

வருமானத்தை மட்டும் முகத்துக்கு நேரே கேட்க வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை பானை, என்ன விலை, விறகுக்கும் மண்ணுக்கும் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வந்தால், மிச்சத்தைக் கணக்கு வகுப்பில் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. எந்த வேலையைப் பார்த்தாலும் அது எங்கே கொண்டுபோய் விடும் என்ற வழியையும் சேர்த்துக் காட்டுங்கள். இல்லையென்றால் அந்த அப்பா பயந்தது உண்மையாகிவிடும். ஆட்டுக்கு ஊசி போட வருகிற கால்நடை மருத்துவரை நிறுத்திப் பேசினால், அவர் படித்தது போன்ற ஒரு கல்லூரி திருநெல்வேலி இராமையன்பட்டியிலேயே இருக்கிறது என்பதில் பேச்சை முடிக்க வேண்டும். பாட்டி கொடுக்கும் கஷாயத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது என்பதும் கூடவே வரட்டும். அம்பை 16 நெல்லைப் போடாத வயல் உங்கள் பக்கம் இருக்காது. அந்த 'அம்பை' அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் என்று சொன்னால் எத்தனை பிள்ளைகள் நம்பும்? ஒட்டுச் சேர்க்கிற விஞ்ஞானி, வயலில் கணக்கெடுக்கிற உதவியாளர், நடவு செய்கிற அக்கா மூன்று பேரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி கேளுங்கள்.

மகேந்திரகிரி இஸ்ரோ மையம் என்றதும் பிள்ளைகளுக்கு ராக்கெட் விஞ்ஞானி நினைவுக்கு வருவார். அங்கே ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் படித்தவர்களையும் வேலைக்கு எடுக்கிறார்கள், அதற்குப் பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும் வேண்டும் என்பது பெரும்பாலான பெற்றோருக்கே தெரியாது. திருநெல்வேலி பேட்டையில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. 'மார்க் வராத பிள்ளை போகிற இடம்' என்று அதை நாம்தான் கெடுத்து வைத்திருக்கிறோம்.

சரி, சில நடைமுறை. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதலிலேயே வைத்துவிடுங்கள்; யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று அந்தக் குழுவுக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது. 14 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம் என்பதால், பார்ப்பதோடு நிற்க வேண்டும். சக்கரத்தில் ஒரு உருண்டை மண்ணை வைத்துப் பார்க்கலாம்; "ரெண்டு நாள் வந்து உதவட்டுமே" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிடுங்கள்.

அந்த அப்பாவை வீட்டில் போய்ப் பாருங்கள். திட்ட நோட்டையெல்லாம் கொண்டுபோக வேண்டாம். "உங்க பொண்ணு உங்க தொழிலைப் பார்க்க வர மாட்டா. வேற யார் வேலையைப் பார்க்கட்டும், நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடம் பாங்க்காக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம். முதல் பயணத்தை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பிள்ளைகள் அவரிடம் வந்து பானையைப் பற்றிக் கேட்கலாமா என்பதை அதற்கு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். குளத்து மண் அள்ள அனுமதி வாங்க அவர் நடந்த நடையைச் சொன்னாலே குடிமையியலில் ஒரு பாடம் முடிந்துவிடும்.

அவர் யோசித்துச் சொல்லும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கன்னடியன் கால்வாய் மடையில் தண்ணீர் திறந்துவிடுகிற பணியாளர், லஸ்கர் என்பார்கள், இருப்பார், தெரியும்தானே? எந்த மடையை எவ்வளவு தூக்கினால் எந்தக் குளத்துக்கு எப்போது தண்ணீர் போய்ச் சேரும் என்ற கணக்கு முழுக்க அவர் தலையில்தான் இருக்கிறது. ஐந்து பிள்ளைகளோடு அவரிடம் போய்விட்டு வாருங்கள். பிசானப் பருவ நெல்லுக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் போங்கள். திறந்துவிட்டால் அவருக்கு நின்று பேச நேரம் இருக்காது.