கையால் பில்லியர்ட்ஸ் கோல் செய்வதில் மிகவும் சலிப்பூட்டும் வேலை எது?

தயங்காமல் சொல்வேன்: கடைசலுக்கும் கடைசலுக்கும் இடையே காத்திருப்பதுதான். மேப்பிள் கட்டையை ஒரே நாளில் இறுதித் தடிப்புக்குக் கடைந்தால், மரத்தின் உள்ளிறுக்கம் தளர்ந்து கோல் வளைந்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொரு முறையும் சிறிதளவே சீவி, வாரக்கணக்கில் செங்குத்தாகத் தொங்கவிட்டு, நுனி ஏறத்தாழ 13 மில்லிமீற்றருக்கு வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியுள்ளது. திருகோணமலையில் வடகீழ்ப் பருவமழை பிடித்துக்கொண்டால் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும் என்பதால், உவர்மலையிலுள்ள என் பட்டறையில் மார்கழி முடியும்வரை இறுதிக் கடைசலில் நான் கைவைப்பதில்லை. இத்தனைக்குப் பின்னும் வளைந்துபோன கட்டையை விறகுக்கு ஒதுக்க மனம் ஒப்பாது (அடுப்படியில் இருப்பவர்களுக்கு அதில் வருத்தமில்லை).

அடுத்தது தேய்ப்பு. 150ஆம் இலக்க அரத்தாளில் தொடங்கி 600 வரை மாற்றி மாற்றித் தேய்த்தாலும், எங்கோ எஞ்சிய ஒரு கீறல் வார்னிஷ் பூசிய பிறகே கண்ணில் படும். பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். கைப்பிடிக்குக் கருங்காலி கடையும் நாளிலோ, அதன் நுண்தூள் தோலையும் மூச்சையும் உறுத்துவதால், புழுக்கத்திலும் முகமூடியைக் கழற்ற முடியாது. கோலின் நுனியில் பந்தைத் தொடும் சிறு தோல் வில்லையை ஒட்டுவதைப் பலர் குறைசொல்வார்கள். எனக்கு அது பொழுதுபோக்கு.