கெம்ஃபிக்கில் பிணைப்பு எந்த அணுவில் ஒட்டும்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னிரண்டாம் வகுப்புக்குக் கரிம வேதியியல் குறிப்புகள் தயாரிக்கிறேன். கட்டமைப்புப் படங்களை வெட்டி ஒட்டினால் அச்சில் மங்குகிறது என்று லாடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் வேதியியல் படம் வரையும் கெம்ஃபிக் தொகுப்புக்கு மாறினேன். ஓஹெச் தொகுதியைக் கார்பனுக்கு மேலே வைத்தால் கோடு ஆக்சிஜனை விட்டுவிட்டு ஹைட்ரஜனில் போய் ஒட்டுகிறது. படங்களும் மிகப் பெரிதாக வருகின்றன. தமிழில் பெயரிட்டால் எழுத்து சிதறுகிறது. காசு கொடுத்து மென்பொருள் வாங்கத்தான் வேண்டுமா?

ஒரு வேதியியல் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்றுமே கெம்ஃபிக்கிலேயே சரியாகும். முதலாவதை உடனே திருத்துங்கள். ஹைட்ரஜனுக்கு இரண்டு பிணைப்பு காட்டும் படத்தைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது.

கெம்ஃபிக் ஒவ்வொரு பெரிய எழுத்திலும் ஒரு புது அணுவைத் தொடங்கும். ஓஹெச் என்றால் அதற்கு இரண்டு அணுக்கள். பிணைப்பின் கோணம் −90 பாகைக்கும் 90 பாகைக்கும் நடுவே, அதாவது வலப்பக்கம், இருந்தால் கோடு அடுத்த தொகுதியின் முதல் அணுவைத் தொடும். மற்ற எல்லாக் கோணத்திலும் கடைசி அணுவைத் தொடும். சரியாக 90 பாகை இந்த இரண்டாம் வகையில் விழுகிறது. சதுர அடைப்புக்குள் வெறும் எண் கொடுத்தால் அது 45-இன் மடங்கு. ஆகவே தொகுதியை மேலே வைக்க எழுதும் -[2] என்பது 90 பாகை. கோடு ஹைட்ரஜனுக்குப் போவது அதனால்தான்.

-[2,,,1] என்று எழுதுங்கள். நான்காவது இடம் போய்ச்சேரும் அணுவின் வரிசை எண், மூன்றாவது புறப்படும் அணுவுடையது, இரண்டாவது நீளத்தின் மடங்கு. இடப்பக்கம் வைக்கும் மெத்திலை ஹைட்ரஜன் முன்னும் கார்பன் பின்னுமாக எழுதினால் எண்ணே தேவையில்லை.

பென்சீனுக்கு *6(-=-=-=) போதும். வளையம் இடது கீழ் மூலையில் தொடங்கி இடஞ்சுழியாக ஓடும். கடைசிப் பிணைப்பு செங்குத்தாக இறங்கித் தொடங்கிய அணுவில் முடியும். ஒரு மூலையில் தொகுதியை ஒட்ட, அந்த மூலைக்கு வந்துசேரும் பிணைப்பை எழுதியவுடன் அடைப்பைத் திறக்க வேண்டும். நான்காம் மூலை வலது மேல், ஐந்தாம் மூலை உச்சி. உச்சியில் ஓஹெச் வைத்தால் அங்கும் அணு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

அளவுக்கு வருகிறேன். அணுவுக்கு அணு உள்ள தூரம், 'ஆட்டம் செப்' என்ற அமைப்பு, இயல்பாக 3 எம். எம் என்பது ஏறத்தாழ எழுத்தின் அளவு; புள்ளி என்பது அச்சு அலகு. பத்துப் புள்ளி எழுத்தில் சுமார் 30 புள்ளி. அமெரிக்க வேதியியல் சங்க இதழ்களின் அளவு 14.4 புள்ளி, கோட்டுத் தடிமன் 0.6 புள்ளி, இரட்டைப் பிணைப்பின் இடைவெளி நீளத்தில் 18 விழுக்காடு. இதை அப்படியே போட்டுவிடாதீர்கள். இந்தத் தூரம் அணுவின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்கப்படுவது. 12 புள்ளி எழுத்தில் கார்பனின் குறியீடு ஏறத்தாழ 8.7 புள்ளி அகலம். இரு முனையிலும் 2 புள்ளி இடைவெளி விடப்படும். 14.4-இல் இவை போக, கண்ணுக்குத் தெரியும் கோடு 1.7 புள்ளிதான்! கார்பன்களை எழுதாத கோட்டு வடிவங்களுக்கு 14.4 நல்ல அளவு. கார்பனும் ஹைட்ரஜனும் எழுதிக்காட்டும் பள்ளிப் படங்களுக்கு 24 புள்ளிக்குக் குறைக்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

தமிழ் சிதறுவதற்குக் காரணம், கெம்ஃபிக் அணுக்களைக் கணித முறையில் அச்சிடுவது. அங்கே கொம்பும் காலும் மெய்யோடு சேராது, சில எழுத்துரு அமைப்பில் எழுத்தே வராது. தமிழ்ச் சொல்லை, சாதாரண எழுத்தாக அச்சிடும் எம்பாக்ஸ் (\mbox) கட்டளைக்குள் வையுங்கள். கோப்பை, யூனிகோடு எழுத்தைக் கையாளும் லாடெக் வகைகளான ஸீலாடெக்கிலோ லுவாலாடெக்கிலோ ஓட்டுங்கள். லுவாலாடெக் என்றால் எழுத்துருவுக்கு, எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துத் தரும் ஹார்ஃப்பஸ் ரெண்டரரைக் கேட்க மறக்காதீர்கள்.

அடுத்து வினைவழிமுறைக்குப் போவீர்கள். எலக்ட்ரான் நகர்வைக் காட்டும் வளைந்த அம்புகள் முதல் ஓட்டத்தில் இடம் மாறி நிற்கும். அவற்றின் இட விவரம், லாடெக் தானே எழுதிவைக்கும் துணைக் கோப்பில் சேர்ந்த பிறகே சரியாக விழும். கோப்பை இரண்டு முறை ஓட்டுங்கள்.