முன் கண்ணாடியில் மழைக் கோட்டிங்: எதைப் போடுவது, போட்டதை எப்படி எடுப்பது?

ஐப்பசி நெருங்கினாலே, மழைத் தண்ணீர் படர்ந்து பார்வையை மறைக்காமலிருக்க வண்டியின் முன் கண்ணாடியில் பூசும் கோட்டிங் பற்றியே பத்துப் பேர் கேட்கிறார்கள். இந்த முறை வந்தவற்றில் அடிக்கடி வரும் சிலவற்றுக்கு மட்டும் பதில்.

எண்ணூரிலிருந்து தினமும் பாரிமுனை போய் வருகிறேன். சிலிகான் வகை நல்லதா, ஃபுளோரின் வகை நல்லதா?

முதலில் நீங்கள் எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். இந்தக் கோட்டிங் தண்ணீரை முத்து முத்தாகத் திரட்டும், அந்த முத்தைத் தள்ளிவிடுவது காற்றுதான். அதற்கு வண்டி சுமார் 60 கி.மீ. வேகத்திலாவது போக வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது அந்த முத்துகள் கண்ணாடியிலேயே உட்கார்ந்துகொண்டு, எதிரே வரும் ஹெட்லைட் ஒவ்வொன்றையும் நூறாக்கிக் காட்டும். அதனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது நல்ல வைப்பர் பிளேடு, அப்புறம்தான் கோட்டிங். ஜி.என்.டி. ரோடு என்ற நெடுஞ்சாலையில் வாரம் ஒருமுறை ஆந்திரா பக்கம் போகிறவர் என்றால் கதை வேறு, அவருக்கு இது கட்டாயம் உதவும்.

வகை என்று பார்த்தால், ரெய்ன்-எக்ஸ் மாதிரியான சிலிகான் வகை போடச் சுலபம், எடுக்கவும் சுலபம், ஆனால் வைப்பர் ஓட ஓடச் சில வாரங்களில் தேயும். ஃபுளோரின் வகை கண்ணாடியோடு வேதியியலாகவே பிணைந்துகொள்ளும், பல மாதம் நிற்கும், ஆனால் கண்ணாடியை முழுசாகச் சுத்தம் செய்யாமல் போட்டால் அந்த அழுக்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். முதல் தடவை போடுகிறவர்கள் சிலிகானில் தொடங்குங்கள்.

வியாசர்பாடியில் கால் டாக்சி ஓட்டுகிறேன். கோட்டிங் போட்ட பிறகு வைப்பர் கிர்ர் கிர்ர் என்று துள்ளுகிறது, இரவில் கண்ணாடி பால் போலத் தெரிகிறது. எப்படி எடுப்பது?

இதுதான் எனக்கு அதிகமாக வரும் கேள்வி, கவலையும் இதில்தான், ஏனென்றால் இரவு மழையில் பார்வை மங்குவது உயிர் விஷயம். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மேலே மீந்த மருந்தைத் துடைக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது கோட்டிங் திட்டுத் திட்டாகத் தேய்ந்து, ரப்பர் ஒரு இடத்தில் வழுக்கி அடுத்த இடத்தில் ஒட்டும்.

வாக்ஸ் கலக்காத ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் வைப்பர் ரப்பரை நுனியிலிருந்து நுனி வரை துடையுங்கள், துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை. கண்ணாடியையும் அதே ஆல்கஹாலில் துடைத்துப் பாருங்கள். மேலோட்டமான படலம் என்றால் இதிலேயே போய்விடும், வைப்பரும் அமைதியாகும்.

போகவில்லையா? கண்ணாடியை மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு தூள் வாங்குங்கள். தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, ஸ்பாஞ்சில் தொட்டு, ஒரு முழம் சதுரம் சதுரமாகத் தேய்க்க வேண்டும். இங்கே கிட்டப் போய்ப் பாருங்கள். கோட்டிங் மிச்சமிருக்கும் இடத்தில் அந்தக் கலவை நிற்காது, எண்ணெய்த் தட்டில் விட்ட தண்ணீர் மாதிரி ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு பிரிந்து போகும். கோட்டிங் போன இடத்தில் ஒரே சீராகப் பரவி நிற்கும். அந்தச் சுருட்டல் எங்கே தெரிகிறதோ அங்கே மட்டும் திரும்பத் தேய்த்தால் போதும். கலவை காய விடாதீர்கள், ஸ்பாஞ்சுக்குப் பதில் பாலிஷ் மெஷினில் தேய்த்தால் அதை ஒரே இடத்தில் வைத்து அழுத்தாதீர்கள், கண்ணாடி சூடாகிப் பார்வை அலை அலையாகக் கெட்டுவிடும். பெயின்ட், ரப்பர் ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். முடிவில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றுங்கள். முத்து கட்டாமல் ஒரே தகடாக வழிந்தால் சுத்தம்.

மண்ணெண்ணெய், டீசல் வைத்துத் துடைக்கச் சொல்வார்கள். வேண்டாம், அது இன்னொரு எண்ணெய்ப் படலம்.

மணலியில் போர் தண்ணீரில் கழுவுகிறோம். வெள்ளைத் திட்டு விழுந்துவிட்டது. கோட்டிங் போட்டால் மறையுமா?

மறையாது. வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, டிஷ்யூ பேப்பரை நனைத்துத் திட்டின் மேல் ஐந்து நிமிடம் ஒட்டிவைத்துவிட்டுத் துடையுங்கள். புதுக் கறை போகும். கண்ணாடியையே அரித்துவிட்ட பழைய கறைக்குச் சீரியம் ஆக்சைடுதான், அதுவும் ஓரளவுக்குத்தான். பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். சில கறைநீக்கிகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும், அது கண்ணாடியைத் தின்னும், தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கும். லேபிளைப் படிக்காமல் வாங்கவே கூடாது. இனி கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு வாளி மெட்ரோ வாட்டர் வைத்துக்கொண்டு, உடனே துடைத்துவிடுங்கள்.

காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டி. வைப்பர் நின்றால் புகையிலையோ உருளைக்கிழங்கோ தேய்ப்போம். அதுவும் இதே வேலைதானே?

நேர் எதிர் வேலை. கோட்டிங் தண்ணீரைத் திரட்டும், கிழங்கும் புகையிலையும் தண்ணீரை மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். அதனால் துளி நிற்காமல் கொஞ்ச நேரம் சாலை தெரியும். மெதுவாக ஓட்டி ஓரங்கட்டும்வரை போதும், அவ்வளவுதான். உங்கள் வண்டி எந்நேரமும் கடற்காற்றில் நிற்கிறது, வைப்பர் கையின் ஸ்பிரிங் துருப்பிடித்து அழுத்தம் குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெரம்பூரிலிருந்து: ரெய்ன் சென்சார் உள்ள காரில் போடலாமா? ஹெல்மெட் கண்ணாடியில்?

சென்சார் கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியை விட்டு, வெளியே துளி இருந்தால் திரும்பி வரும் ஒளி குறைவதை வைத்து மழையைக் கண்டுபிடிக்கிறது. கோட்டிங் துளியின் வடிவத்தை மாற்றுவதால் வைப்பர் முன்னே பின்னே ஓடலாம். கார் கையேட்டைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஹெல்மெட் வைசர் பாலிகார்பனேட், அதற்குக் கண்ணாடி மருந்து வேண்டாம், பிளாஸ்டிக்குக்கு என்றே எழுதியிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

எப்போது போடுவது?

அக்டோபர் பாதிக்கு முன்னால், மழையில்லாத நாளில், வெயில் படாத நிழலில். சூடான கண்ணாடியில் போட்டால் துடைக்கும் முன்பே காய்ந்து கோடு விழும். நம் பக்கம் ராத்திரி உப்புக்காற்று ஈரமாகப் படியும், அதனால் மாலையில் போட்டுவிட்டு வெளியே நிறுத்தாதீர்கள். காலை பத்து மணிக்குப் போட்டால், பாட்டிலில் சொன்ன நேரம் முழுக்க உலர்ந்து, மாலைக்குள் வண்டியை எடுத்துவிடலாம்.