ஒட்டுப் படத்தில் எதைப் பார்ப்பது? திருகோணமலைப் பழைய கட்டடங்கள்: கேள்வி பதில்

(வெவ்வேறு படங்களை ஒன்றாகச் சேர்த்துச் செய்வதுதான் ஒட்டுப் படம்.)

உவர்மலைத் தம்பி ஒருவர்: அண்ணா, பிரட்ரிக் கோட்டை வாசலின் பழைய படத்தையும் நான் இப்போது எடுத்ததையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தேன். வளைவைப் பொருத்தினால் உள்ளே தெரியும் சுவர் விலகுகிறது. எவ்வளவு இழுத்தும் சரிவரவில்லை.

பதில்: இழுக்க வேண்டாம் தம்பி. நீங்கள் நின்ற இடம்தான் பிழை, அதைப் போட்டோஷொப் திருத்தாது. பழைய படத்தைப் போனில் வைத்துக்கொண்டு திரும்ப வாசலுக்குப் போங்கள். வளைவின் இடது விளிம்பையும் அதற்குள்ளால் தெரியும் உள்சுவரின் மூலையையும் பிடியுங்கள். ஒன்று கிட்ட, மற்றது தூர. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பழைய படத்தில் உள்ளபடி வரும்வரை இடம் வலமாக நகருங்கள், அப்புறம் முன்னே பின்னே. லென்ஸ் வேறென்றால் பரவாயில்லை, வெட்டிக்கொள்ளலாம். மரத்தை மட்டும் அடையாளமாக எடுக்காதீர்கள், அது வளர்ந்திருக்கும்.

இன்னொன்று, படத்தில் கறையை அழிக்கப் போய் வாசற்கல்லில் உள்ள இணைக்கயல் என்ற இரட்டை மீன் சின்னத்தையும் மழுங்கடித்துவிட்டீர்கள். அந்தக் கல்லை எடுத்தபடியே விடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து: நண்பர் ஒரு பழைய ஓட்டு வீட்டின் முன் மாட்டுவண்டியை ஒட்டி, வானத்தையும் மாற்றியிருக்கிறார். ஏதோ உறுத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

பதில்: நிழலைப் பாருங்கள். தாழ்வாரத்து ஓட்டின் நிழல் சுவரில் செங்குத்தாக இறங்குகிறது, அதாவது உச்சி வெயில். வண்டியின் நிழலோ தரையில் நீண்டு கிடக்கிறது, அது பின்னேர வெயில். உறுத்துவது அதுதான். நம் ஊர் வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஆனி மாதத்து மத்தியானச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மார்கழியில் மறுபக்கம். எந்த மாதம் எடுத்த படம் என்று கேட்டாலே பாதிப் பிழை பிடிபடும்.

வானத்திலும் இதே கதைதான். கோணேஸ்வரம் கோயில் நிற்கும் நம் சுவாமிமலைக்கு அப்பால் கடலில் சூரியன் மறைவதாக ஒட்டிய படங்களை அடிக்கடி காண்கிறேன். அந்தப் பக்கம் கிழக்கு ஐயா!

நிலாவெளித் தங்கை ஒருவர்: பழைய படம் ஒரு பாதி, புதுப் படம் ஒரு பாதியாக ஒட்டுகிறேன். பழைய படத்தில் வானம் வெள்ளையாக இருக்கிறது. மேகம் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அக்காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தட்டுகள் நீல ஒளிக்குத்தான் கூடுதலாக உணர்வு காட்டின. அதனால் நீல வானம் வெளிறும், சிவப்பு ஓடு கறுக்கும். அன்று மப்பும் மந்தாரமும் என்று அர்த்தமில்லை. புதுப் பாதியைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது நீலத்தை வெளிறவிட்டு, சிவப்பைக் கறுக்கவிடுங்கள். இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

மூதூரிலிருந்து: ஒட்டுப் படத்தில் குறை சொன்னால், செய்தவர்கள் கோபிக்கிறார்களே?

பதில்: முதலில் ஒரு குறை மட்டும், அதுவும் திருத்தக்கூடியது. கோபித்தால் விடுங்கள், அடுத்த படத்தில் திருத்தியிருப்பார்கள்.

சாம்பல்தீவிலிருந்து: போர்த்துக்கேயர் இடிக்கும் முன் இருந்த கோணேஸ்வரம் என்று ஒருவர் படம் செய்திருக்கிறார். அழகாக இருக்கிறது. என்ன சொல்வது?

பதில்: அழகு என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் கோயில் இடிபட்டது 1622இல், புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். ஆகவே அது பழைய படம் அல்ல, கற்பனை. கோபுரத்தை எங்கிருந்து எடுத்தார் என்றும் கேளுங்கள். இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு 1963இல் நடந்தது, அதன் கோபுரத்தை அங்கே வைத்தால் பொருந்தாது. ‘கற்பனைச் சித்திரிப்பு’ என்று படத்துக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். கீழே தனியாக எழுதினால் அடுத்தவர் பகிரும்போது அது கழன்றுவிடும்.