ஓடிய மைல் எப்போது கணக்கில் சேரும்?

கேள்வி: அமெரிக்காவின் நெடுந்தூரக் குதிரைப் பந்தயங்களில், 100 மைலில் 90 மைல் ஓடிவிட்ட குதிரையைக் கால்நடை மருத்துவர் நிறுத்திவிட்டால், அந்த 90 மைலும் கணக்கில் சேராதாமே? இது அநியாயம் இல்லையா? மைல்களையும் பரிசுகளையும் எப்படித்தான் கணக்கிடுகிறார்கள்? (வாசகி, உதகமண்டலம்)

பதில்: சேராது என்பது உண்மை, அநியாயம் என்பதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. 1972-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் எண்டியூரன்ஸ் ரைட் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்புதான் அங்கே இந்தக் கணக்கை வைத்திருக்கிறது. குதிரைக்கு ஒரு கணக்கு, அதை ஓட்டுபவருக்குத் தனியே ஒரு கணக்கு. 50 மைலும் அதற்கு மேலும் உள்ள பந்தயங்களே முழுமையான நெடுந்தூரப் பந்தயங்கள். 25 முதல் 35 மைல் வரையிலான குறுகிய பந்தயங்களின் மைல்கள் தனியாகவே பதிவாகின்றன. எந்தப் பந்தயமானாலும், கோட்டைத் தாண்டிய குதிரை இன்னும் ஓடக்கூடிய நிலையில் இருப்பதாக மருத்துவர் சொன்னால்தான் மைல் ஏறும்.

அந்தச் சோதனையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் காரணம் விளங்கும். மருத்துவர் பல் ஈறுகளை அழுத்தி, தோலைக் கிள்ளி நீர்ச்சத்தைப் பார்க்கிறார். வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் குடலின் ஓசையைக் கேட்கிறார். பிறகு இதயத்துடிப்பை எண்ணி, குதிரையை 125 அடி தூரம் சிற்றோட்டமாக ஓட்டித் திரும்பச் சொல்லி, ஓட்டம் தொடங்கிய ஒரு நிமிடத்தில் மறுபடியும் எண்ணுகிறார். முதலில் 60 இருந்த துடிப்பு மீண்டும் 60-லேயே நின்றால் நல்லது. 68-க்கு ஏறினால், வெளியே தெரியாத களைப்போ வலியோ உள்ளே இருக்கிறது என்று பொருள். ஓடிய தூரத்துக்கெல்லாம் மைல் கொடுப்பதாக இருந்தால், களைத்த குதிரையை இன்னும் பத்து மைல் விரட்டிப் பார்க்கும் ஆசை ஓட்டுபவருக்கு வராமல் இருக்குமா? வாய் பேசாத உயிரின் பக்கம் நின்று பேசும் விதி இது.

பரிசுகளிலும் இதே நோக்கம்தான். முதல் பத்து இடங்களுக்குள் வந்த குதிரைகளில் ஒன்றுக்குச் 'சிறந்த உடல்நிலை' விருது உண்டு. மொத்தம் 800 மதிப்பெண்ணில் 500 மருத்துவர் கையில் இருக்கிறது; நேரத்துக்கு 200, சுமைக்கு 100. முதலில் வந்தவரைவிட ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் ஒரு மதிப்பெண் குறையும். ஓட்டுபவரைச் சேணத்தோடு நிறுத்துப் பார்த்ததில் மிகக் கனமானவரைவிட இரண்டு பவுண்டு குறைந்தால் ஒரு மதிப்பெண் குறையும். ஆகவே, முதலில் வந்தவரைவிட 60 பவுண்டு அதிகச் சுமையைத் தாங்கி 20 நிமிடம் பிந்தி வந்த குதிரை, மருத்துவரின் மதிப்பெண் சமமாக இருந்தாலும், 10 மதிப்பெண் முந்திவிடும்.

1955-இல் தொடங்கப்பட்டு, கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளைக் கடந்து ஆபர்ன் நகரில் முடியும் 100 மைல் டெவிஸ் கோப்பைப் பந்தயத்தில், 24 மணி நேரத்துக்குள் தகுதியோடு முடிக்கும் ஒவ்வொருவருக்கும், முதல்வர் கடைசியர் என்ற பேதமின்றி, இடுப்புப் பட்டைக்கான வெள்ளிக் கொக்கி கிடைக்கிறது. முதல் பத்துக்குள் வந்தவற்றில் மிகச் சிறந்த உடல்நிலையில் இருக்கும் குதிரைக்கு ஹேகின் கோப்பை.

எனக்கு மிகவும் பிடித்தது பத்தாண்டு இணை என்னும் சிறப்பு. ஒரே குதிரை, ஒரே ஆள். ஆண்டுக்கு ஒன்றாவது 50 மைல் பந்தயத்தை முடித்து, அப்படிப் பத்து ஆண்டுகள் சேர வேண்டும். இடையில் ஓரிரு ஆண்டுகள் விட்டுப்போனாலும் குற்றமில்லை. ஐந்து வயது நிரம்பாத குதிரைக்கு 50 மைல் பந்தயங்களில் இடமே இல்லை என்பதால், அந்தப் பட்டியலில் ஏறும்போது குதிரைக்கு ஏறக்குறைய 14 வயதாவது ஆகியிருக்கும்.