பத்தாவது ஆள்

அன்புள்ள சார்,

நியூ ஜெர்சியில் பதினாறு வருடமாக இருக்கிறோம். போன மாதம் என் மகளின் வகுப்புத் தோழிக்கு பாத் மிட்ஸ்வா, யூதப் பெண்பிள்ளை பெரியவளாகிப் பொறுப்பேற்கும் சடங்கு. எங்களைக் குடும்பத்தோடு அழைத்திருந்தார்கள். சினகாக் என்கிற யூதர் கோயிலுக்குள் நான் போனது அதுதான் முதல்முறை. பதிமூன்று வயதுப் பெண், அவ்வளவு கூட்டத்தின் முன்னால் நின்று அவர்களது வேதமான தோராச் சுருளைப் பார்த்து ஹீப்ருவில் பாடினாள். பிறகு ஆங்கிலத்தில் பேசினாள். அந்த வாரத்துப் பகுதி நோவாவின் கதை. "சோதோமை அழிக்கப் போகிறேன் என்று கடவுள் சொன்னதும் ஆபிரகாம் ஐம்பது பேரில் ஆரம்பித்து பத்துப் பேர் வரைக்கும் பேரம் பேசினார். உலகமே மூழ்கப் போகிறது என்றபோது நோவா வாயைத் திறக்கவில்லை. அவரை என்னால் மதிக்க முடியவில்லை" என்றாள். அவர்களுடைய குருவான ரபி சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பையனுக்குப் பதினான்கு. பத்து வயதுவரை தமிழ்ப் பள்ளிக்கு வந்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை காரில் ஏறவே மாட்டேன் என்கிறான். கீழ் வகுப்புகளுக்கு ஆசிரியர் கிடைக்காமல் நாங்கள் திண்டாடுகிறோம், பெரிய பிள்ளைகளோ எட்டியே பார்ப்பதில்லை. நம் பிள்ளைகளுக்கும் பதிமூன்று வயதில் இப்படி ஒரு விழா எடுத்தால் என்ன? ஹால் பிடித்து, பத்துக் குறள் சொல்ல வைத்து, ஷீல்டு கொடுக்கலாம். யூதர்கள் இத்தனை நோபல் பரிசு வாங்க இந்தப் படிப்புதான் காரணமா? நாம் செய்தால் காப்பி அடித்ததாகிவிடுமா?

ச.

அன்புள்ள ச.,

நோபல் கணக்கை விட்டுவிடுங்கள், அது வாட்ஸப் சரக்கு. காப்பி அடிப்பதைப் பற்றியும் கவலை வேண்டாம். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை.

அந்தப் பெண் எதைப் பார்த்துப் பாடினாள் என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தீர்களா? தோலில் கையால் எழுதிய சுருள் அது. மொத்தம் 3,04,805 எழுத்துகள் என்பது அவர்கள் மரபுக் கணக்கு. ஒரே ஓர் எழுத்து உதிர்ந்தாலும் சரிசெய்யும்வரை அந்தச் சுருளைப் படிக்கக் கூடாது. அதில் உயிர்க்குறிகள் இல்லை, நிறுத்தற்குறிகள் இல்லை, ராகக்குறிகளும் இல்லை. நம் எழுத்தில் சொல்வதென்றால் 'ப்ட்ம்' என்று மட்டும் இருக்கும். படமா, பாடமா, பீடமா என்பது படிக்கிறவர் மனத்தில் இருக்க வேண்டும். இதைப் பழகுவதற்கென்றே ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஒரு பத்தியில் எல்லாக் குறிகளும் போட்ட வரிகள், பக்கத்துப் பத்தியில் அதே வரிகள் மொட்டையாக. இதில் பார்த்து, அதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மாதக்கணக்கில் இதோடு மல்லுக்கட்டுவார்கள். சுருளை விரலால் தொடக் கூடாது. 'யாத்' என்று ஒரு கோல், பெரும்பாலும் வெள்ளியில், நுனியில் சுட்டுவிரல் நீட்டிய குட்டிக் கை. அதை வைத்துத்தான் வரியைத் தொடர வேண்டும். பக்கத்தில் ஒருவர் அச்சுப் புத்தகத்தோடு நிற்பார். பொருள் மாறும்படி படித்தால் அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில், திருத்துவார். அந்த இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். எல்லாம் முடிந்தபிறகு பல இடங்களில் பிள்ளைமீது மிட்டாய் எறிவார்கள், சின்னக் குழந்தைகள் பாய்ந்து பொறுக்கும். உங்கள் கடிதத்தில் மிட்டாய் வந்துவிட்டது. திருத்துகிறவரைக் காணோம்.

எனக்குப் பதிமூன்று வயதில் ஒரு மேடை கிடைத்தது. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காடு. மழை பொய்த்த வருடங்களில் ஊர்ச் சாவடியில் மகாபாரதத்தின் விராட பருவம் படிப்பார்கள், படித்தால் மழை வரும் என்று நம்பிக்கை. அந்த வருடம் வழக்கமாகப் படிக்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "எட்டாங் கிளாஸ் படிக்கானே, இவனை உக்கார வைங்க" என்று என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். பழைய பதிப்பு, சீர் பிரிக்காத பாட்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். கீசகன் வருகிற இடத்தில் பிரிக்கக் கூடாத சொல்லைப் பிரித்துவிட்டேன். சுவரோரம் சாய்ந்திருந்த ஓர் ஆச்சி, கண் முழுசாகப் போனவள், கையெழுத்துப் போடத் தெரியாதவள், "ஏல, நிறுத்து. சேத்துப் படி" என்றாள். சேர்த்துப் படித்தேன். பத்து வரி தாண்டி மறுபடியும் "நிறுத்து". அன்று ராத்திரி அவள் என்னை எத்தனை முறை நிறுத்தினாள் என்று கணக்கில்லை. ஒருவர்கூட "சின்னப் பையன், விடு ஆச்சி" என்று சொல்லவில்லை, கைதட்டவும் இல்லை. மறுநாள் எனக்கு முன்னால் வந்து ஆச்சி உட்கார்ந்திருந்தாள், நானும் போனேன். பதினெட்டு நாள். மழை வந்ததா என்று கேட்காதீர்கள், வரவில்லை.

உங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒருமுறை என்னை அழைத்திருந்தார்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாகக் குறள் சொன்னார்கள். ஒரு பையன் 'அறம்' என்பதை 'ஆரம்' என்றே நான்கு முறை சொன்னான். கூட்டம் நான்கு முறையும் கைதட்டியது. அந்தப் பையன் முட்டாளில்லை. தான் என்ன சொன்னாலும் கைதட்டப் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. யாருமே கேட்கவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. இதில் உங்களுக்கெல்லாம் பெருமை வேறு. அப்பாக்கள் வீடியோ எடுத்தார்கள், அம்மாக்கள் மேடைக்குக் கீழே உட்கார்ந்து ஆங்கில எழுத்தில் எழுதிய குறளை உதட்டசைத்துக் காட்டினார்கள். ஒரு பிள்ளை நான்கு வருடம் படித்ததைப் பிழையோடு சொல்லும்போது திருத்தாமல் விடுவது அன்பில்லை, ச. அசட்டை.

யூதர்களிடம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவர்களே சொல்லிச் சிரிக்கிற பகடி ஒன்று உண்டு. ஒரு சினகாக்கில் எலித் தொல்லை. பொறி வைத்தார்கள், மருந்து வைத்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ரபி எல்லா எலிக்கும் பார் மிட்ஸ்வா, அதாவது ஆண்பிள்ளைகளுக்கான அதே சடங்கு, செய்துவைத்தார். அதற்குப்பிறகு ஒன்றுகூட அந்தப் பக்கம் வரவில்லை. பதிமூன்றோடு பிள்ளைகள் காணாமல் போவது அங்கே பழைய தலைவலி. இத்தனைக்கும் மிஷ்னா என்ற அவர்களது பழைய சட்டத் தொகுப்பில், பதிமூன்று வயது கட்டளைகளுக்கு, பதினைந்து வயது தால்முத் என்கிற சட்ட விவாதங்களைப் படிப்பதற்கு என்று வரிசை போட்டு வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சீர்திருத்த யூதர்கள் பதிமூன்று போதாது என்று இன்னும் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறொரு சடங்கைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் அது பதினாறு வயதுச் சடங்காகி, அதற்கும் ஆள் குறைந்துவிட்டது. பெண்பிள்ளைகள் கதை தனி. 1922 மார்ச்சில் நியூயார்க்கில் ஜூடித் கப்லான் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி, ரபியின் மகள், சபை முன்னால் நின்று படித்ததுதான் அமெரிக்காவின் முதல் பாத் மிட்ஸ்வா என்பார்கள். அவளையும் சுருளில் படிக்கவிடவில்லை, அச்சுப் புத்தகத்தில்தான் படித்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது சனிக்கிழமை விழாவை அல்ல, ஒரு செவ்வாய்க்கிழமை மாலையை. அந்த ஆண்டுவிழாவுக்கு வந்தபோதுதான், நண்பரின் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைத் தம் சினகாக்குக்கு அழைத்துப் போனார். பழமையான வழக்கமுள்ள சிறிய சபை. அவர் அம்மாவின் நினைவுநாள், நம் கணக்கில் திவசம். மகனுக்கு வயது எண்பதுக்கு மேல். இறந்தவர்களுக்காகச் சொல்கிற கதிஷ் என்ற பிரார்த்தனையைத் தனியாகச் சொல்ல முடியாது, பத்துப் பேர் வேண்டும். அந்தச் சபையில் பதிமூன்று வயதான யூத ஆண்கள் மட்டும்தான் கணக்கு, சீர்திருத்தச் சபைகளில் பெண்களும் உண்டு. பத்து என்று எப்படி வந்தது தெரியுமா? தோராவில் எண்ணாகமம் என்ற பகுதியில் மோசே கானான் நாட்டை வேவு பார்க்கப் பன்னிரண்டு பேரை அனுப்புகிறார். அதில் பத்துப் பேர் திரும்பி வந்து மக்களைப் பயமுறுத்துகிறார்கள். கடவுள் அவர்களைப் 'பொல்லாத சபை' என்று திட்டுகிறார். சரி, பத்துப் பேர் இருந்தால் சபை என்று தால்முத் பிடித்துக்கொண்டது! திட்டிலிருந்து சட்டம் எடுக்கிற இந்த மூளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுவதும் வழக்கமில்லை. பைபிளில் 28-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தில் ஹீப்ருவில் சரியாகப் பத்துச் சொற்கள். உம் மக்களைக் காப்பாற்றும், என்றென்றைக்கும் அவர்களைத் தாங்கும் என்று வரும். ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். அன்று ஒருவர் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி முணுமுணுத்துக்கொண்டே வந்தார், என்னைத் தாண்டிப் போனார், ஒன்பதாவது சொல்லில் நின்றுவிட்டார். 'என்றென்றைக்கும்' என்பது அங்கே இரண்டு சொல். ஒன்றுக்குத்தான் ஆள் இருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் நான் கணக்கில்லை. பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ போன் செய்தார்கள்.

கால் மணி நேரத்தில் சைக்கிளில் ஒரு பையன் வந்தான். கால்பந்துச் சட்டை, முழங்காலுக்குக் கீழே பட்டை, சாக்ஸ் முழுக்கச் சேறு. வாசலிலிருந்த பெட்டியிலிருந்து ஒரு குல்லாவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தான். உட்கார்ந்த உடனே ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர் தம் அம்மாவுக்காகச் சொன்னார், பையன் "ஆமேன்" என்றான். போன வருடம் அவனுக்குப் பதிமூன்று ஆகியிருக்கவில்லை, வந்திருந்தாலும் பயனில்லை என்று நண்பர் சொன்னார். முடிந்ததும் யாரும் அவனுக்கு நன்றி சொல்லவில்லை, முதுகில் தட்டவில்லை. ஒருவர் மட்டும் "வியாழக்கிழமையும் வேண்டியிருக்கும்" என்றார். பையன் தோளைக் குலுக்கிவிட்டு சைக்கிளை எடுத்தான்.

பார் மிட்ஸ்வா அன்று அப்பா ஒரு வாழ்த்து சொல்லும் வழக்கம் உண்டு. இவனுடைய குற்றங்களுக்கான தண்டனையிலிருந்து என்னை விடுவித்தவருக்கு ஸ்தோத்திரம் என்று. இனிமேல் அவன் பாடு! நம் வீட்டில் இப்படிச் சொல்லிப் பாருங்கள், அடுத்த நாள் பாட்டி சாப்பிடமாட்டாள்.

உங்கள் பையனைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் வரமாட்டேன் என்பதை மூன்று வரி எழுதிவிட்டு, கீழ் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை என்பதைப் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். ஒரே மூச்சில் எழுதிய இரண்டையும் நீங்களே சேர்த்துப் படிக்கவில்லை. ஒரு வாத்தியாருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் கூட ஓர் உதவியாள், 50 ஆனால் இரண்டு வாத்தியார் என்று தால்முத் எழுதிவைத்திருக்கிறது. இன்றைய அமெரிக்க சினகாக்குகள் பலவற்றில் ஞாயிறு வகுப்புக்கு அந்த உதவியாள் பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான். 'மத்ரிக்' என்பார்கள், வழிகாட்டி. ஐந்து வயதுக் குழந்தையின் ஷூ நாடாவைக் கட்டிவிட்டு அகரம் சொல்லிக்கொடுக்கிற வேலை.

உங்கள் பையனிடம் யாராவது அப்படிக் கேட்டார்களா? வந்து படி என்று இல்லை. ஆள் இல்லை, நீ வராவிட்டால் பன்னிரண்டு குழந்தைகள் சும்மா உட்கார்ந்திருக்கும் என்று. கேளுங்கள். 'ழ' அவனுக்கு வராது, தப்பாகத்தான் சொல்லிக்கொடுப்பான். பின்பெஞ்சில் உட்கார்ந்து "நிறுத்து" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். உங்களுக்கு 'ழ' வருமா?

அன்புடன்